பஸ் டிரைவருக்கு ஏன் சர்க்கரை வியாதி?

ஒரே பஸ். ஒரே கம்பெனி. ஒரே பாதை. காலையில் இருவரும் ஒன்றாக வேலைக்கு வருகிறார்கள். வேலை முடிந்ததும் ஒன்றாக வீட்டுக்குப் போகிறார்கள். இருவருக்கும் கம்பெனியே உடுப்புத் தைத்துக் கொடுக்கிறது.

ஆனால், ஒருவருக்கு மாரடைப்பு அதிகம். மற்றவருக்குக் குறைவு.

யாருக்கு அதிகம்? உட்கார்ந்து பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு. யாருக்குக் குறைவு? நின்றும் நடந்தும் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்கு.

லண்டன் பட்டணத்தில், 70 ஆண்டுகளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேரைக் கணக்கெடுத்து இதைக் கண்டுபிடித்தார்கள். இன்று நம் ஊர் பஸ் டிரைவரையும் லாரி டிரைவரையும் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, தொந்தி ஆகிய மூன்றும் கூட்டாக வந்து பிடிக்கின்றன. "வாயைக் கட்டாமல் தின்றால் வராமல் என்ன செய்யும்?" என்று ஊரார் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதி உண்மை அந்த லண்டன் கணக்கில் இருக்கிறது.

மாடி பஸ்

ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகிக்கொண்டே போயிற்று. என்ன காரணம் என்று யாருக்கும் விளங்கவில்லை. 'மனிதன் செய்கிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ?' என்று மாரிஸ் சந்தேகப்பட்டார்.

லண்டனில் ஓடியவை மாடி பஸ்கள். டிரைவர் முன்பக்கம் உட்கார்ந்திருப்பார். வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அவருக்கு உட்கார்ந்தபடியே கழியும். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறுவார், இறங்குவார், மறுபடியும் ஏறுவார். ஒரு நாள் வேலையில் 500 முதல் 750 படிகள்!

மாரிசும் அவருடைய கூட்டத்தாரும் 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைக் கணக்கில் எடுத்தார்கள். முடிவு 1953-ல் 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும், வயதான பிறகு வந்தது. வந்தவுடனே உயிர் போவதும் குறைவாக இருந்தது.

உடனே ஒரு கேள்வி கிளம்பியது. 'முதலிலேயே பருத்தவர்களாக இருந்தவர்கள் உட்காரும் வேலையாகப் பார்த்துச் சேர்ந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் குற்றம் ஆளுடையதுதானே? ஆசனத்தின் மேல் பழி போடலாமா?'

நல்ல கேள்வி. மாரிஸ் இதற்குப் பதில் தேடிப் போன இடம் ஆஸ்பத்திரி அல்ல. உடுப்புக் கணக்கு!

கம்பெனி உடுப்பு தைத்துக் கொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய கால்சட்டை இடுப்பளவும் இருந்தது. எடுத்துப் பார்த்தார். எந்த வயதை எடுத்தாலும் கண்டக்டரைவிட டிரைவரின் இடுப்பு பெரிது. வாலிப டிரைவர்களுக்கும் அப்படியே. ஆக, கேள்வி கேட்டவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. 1956-ல் மாரிஸ் இதையும் மறைக்காமல் வெளியிட்டார்.

ஆனால் கணக்கு அதோடு நிற்கவில்லை. ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடு ஒப்பிட்டார்கள். நடுத்தர உடம்புக்காரரை நடுத்தர உடம்புக்காரரோடும், பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் திடீர் மாரடைப்புச் சாவு டிரைவர்களுக்கே அதிகம். ஒல்லியான டிரைவரும் தப்பவில்லை!

டாக்டர் மாரிஸ் தாம் கண்டதைத் தாமே நம்பியவர். முதுமையிலும் தேகப்பயிற்சியை விடவில்லை. 2009-ம் ஆண்டு, 99-வது வயதில்தான் காலமானார்.

தொடைதான் களஞ்சியம்

லண்டன் கணக்கு மாரடைப்பைப் பற்றியது. சர்க்கரை வியாதி அதில் எங்கே வருகிறது?

இரண்டுக்கும் வேர் ஏறக்குறைய ஒன்றுதான். சோறோ, இட்லியோ, பரோட்டாவோ, நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அது ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். அந்த இடங்களில் பெரியது தசை. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. தசையின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடும் சாவி அது.

இதிலே ஒரு வேடிக்கை. தசை வேலை செய்துகொண்டிருந்தால், அந்தச் சாவி அதிகம் தேவைப்படாமலே கதவு திறக்கிறது. நடக்கிறவனுடைய கால் தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. உடம்பில் உள்ள பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. டிரைவருக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் சும்மா கிடப்பவையும் அவைதான். உள்ளங்கால் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் அழுத்துகிறது. அது நடை ஆகாது.

குடோன் கதவு மூடியிருந்தால் என்ன நடக்கும் என்று லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு இறங்காது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ரத்தத்திலும் அதே கதைதான். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. மிஞ்சிய சரக்கு கொழுப்பாகி வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேர்கிறது. ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதை ஈரலும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் இப்படிப் போனால் கணையம் களைத்துவிடுகிறது. அப்போதுதான் 'உங்களுக்குச் சர்க்கரை' என்று டாக்டர் சொல்கிறார். வியாதி அன்றைக்கு வந்ததல்ல. அன்றைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதற்கு முன்னோட்டமாக உடம்பு சில அடையாளங்களைக் காட்டும். டாக்டர்கள் ஐந்தைப் பார்க்கிறார்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். ரத்த அழுத்தம் 130-க்கு 85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 40-க்குக் கீழ். ஐந்தில் மூன்று இருந்தால் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைக்கிறார்கள். உண்ட உணவை உடம்பு உபயோகிக்கிற முறையே தடுமாறிவிட்டது என்று அர்த்தம். இவற்றில் எதுவும் வலிக்காது. அதுதான் ஆபத்து.

இந்தியா முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து செய்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை. இது எல்லா மக்களையும் சேர்த்த கணக்கு. உட்கார்ந்தே இருப்பதும், இரவில் விழித்திருப்பதும், நேரம் தப்பிச் சாப்பிடுவதும் எந்தத் தொழிலில் ஒன்றாகச் சேர்கின்றனவோ, அந்தத் தொழிலாளியின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நாமக்கல் முதல் நாகபுரி வரை

லாரி என்றால் தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. அந்தப் பக்கத்தில் லாரியோடு சம்பந்தம் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அங்கே ஒரு டிரைவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 42. நாகபுரிக்கு லோடு. பெங்களூர், கர்நூல், ஐதராபாத் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

மாலையில் லோடு ஏற்றுகிறார்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார். காத்திருப்பதும் உட்கார்ந்துதான். கிளம்ப இரவு ஒன்பதாகிவிடுகிறது. சாலையோரக் கடையில் நாலு பரோட்டா, சால்னா. ஏன் பரோட்டா? ருசி மட்டும் காரணம் இல்லை. லாரியை நிறுத்த இடம் இருக்கிற கடையில், அந்த நேரத்தில், சூடாகக் கிடைப்பது அதுதான். விடியும் வரை பசி தாங்கும். தானும் டிரைவராக இருந்தால் அதைத்தான் சாப்பிட்டிருப்போம் என்பதை, 'வாயைக் கட்டு' என்று உபதேசம் செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும். சில டிரைவர்கள் லாரியிலேயே அடுப்பும் அரிசியும் வைத்துக்கொண்டு, நிறுத்துகிற இடத்தில் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்! ஆனால் அதற்குப் பொழுதும் கூட ஓர் ஆளும் வேண்டும். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

பிறகு தூக்கத்தை விரட்ட டீ. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். இரவும் பகலுமாக எட்டு டீ என்றால் 80 கிராம். ஒரு நாளில், எல்லாப் பண்டத்திலும் சேர்த்து, இப்படிக் கலந்து உண்ணும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கை எடுப்பதற்கு முன்பே, டீயிலேயே கணக்கு தாண்டிவிட்டது.

தூக்கம் போவது வெறும் அலுப்பு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் ஆரோக்கியமான 11 வாலிபர்களை அழைத்து, ஆறு இரவுகள் தினம் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். வியாதியே இல்லாத அந்தப் பிள்ளைகளின் உடம்பு, சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் திணறியது. 1999-ல் வெளியான ஆராய்ச்சி இது. அவர்களுக்கு ஆறே இரவு. நம் டிரைவருக்கு இருபது வருஷம்.

தண்ணீர் விஷயம் யாரும் அதிகம் பேசாதது. சர்க்கரை கூடினால் அடிக்கடி சிறுநீர் வரும், தாகம் எடுக்கும். பஸ்ஸை எங்கே நிறுத்துவது? நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு வழியில் இறங்க முடியுமா? ஆகவே டிரைவர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார். ரத்தத்தில் சர்க்கரை மேலும் கெட்டிப்படுகிறது. சிறுநீரகத்துக்கும் கேடு. கண்ணியமான ஒரு கழிப்பறை இல்லாததும் வியாதியை வளர்க்கும் காரணங்களில் ஒன்று என்று சொன்னால், அது மிகை அல்ல.

இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து போன் வருகிறது.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு புள்ள."

"மாத்திரை?"

"போட்டுக்கறேன். நீ தூங்கு."

மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு. முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பெரிய உபகாரம். ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிற நாளில் லாரி டிரைவர் ஆதிலாபாத்தில் இருந்தால்?

காலும் கண்ணும்

மற்றத் தொழிலில் உள்ளவருக்குச் சர்க்கரை வந்தால் துன்பம் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும். டிரைவருக்கு வந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கும் அதில் பங்கு உண்டு.

நாள்பட்ட சர்க்கரை கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. இன்ஜின் சூட்டில் பாதம் கொப்பளித்தாலும் தெரிவதில்லை. செருப்புக்குள் சிறு கல் குத்தினாலும் தெரிவதில்லை. புண் பழுத்த பிறகே தெரிகிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்ச்சியும் மங்கலாம். கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் எதிர்வண்டி விளக்கு கூசும்போதுதான் பார்வைக் குறை வெளிப்படுகிறது.

குறட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்த கழுத்து உள்ளவர் தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கினதாகாது. மறுநாள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கண் செருகும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் இந்த வியாதி இருப்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். 'அவர் மூச்சு நடுவில் நின்றுவிட்டு, திடுக்கென்று மறுபடி வருகிறது' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஏன் மறைக்கிறார்கள்?

இவ்வளவு இருந்தும் பல டிரைவர்கள் சோதனை செய்துகொள்வதில்லை. செய்துகொண்டாலும் வெளியில் சொல்வதில்லை. அறியாமைதான் காரணம் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அறியாமையைவிடப் பயமே பெரிய காரணம்.

லாரி டிரைவருக்கு டிரிப் போனால்தான் பேட்டா. 'சர்க்கரைக்காரர்' என்று பெயர் வந்தால் தூரத்து லோடு கிடைக்காமல் போகலாம். பஸ் டிரைவருக்கு இரவு டூட்டி போனால் அந்த வருமானம் போய்விடும். பிள்ளையின் காலேஜ் பீஸ் இருக்கிறது. வாய் மூடிக்கொள்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயன் என்ன?

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பஸ், லாரி ஓட்டும் லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அந்தப் படிவம் கண்ணைக் கேட்கிறது, காதைக் கேட்கிறது, கை கால்களைக் கேட்கிறது, வலிப்பு உண்டா என்று கேட்கிறது. ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதில்லை. முன்பு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை இந்த லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி அதை ஐந்து வருஷமாக்கினார்கள். டிரைவருக்கு அலைச்சல் குறைந்தது. டாக்டர் முன்னால் நிற்கிற சந்தர்ப்பமும் குறைந்தது.

இன்னொரு சட்டம் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்காக 2016-ல் வந்தது. அரசு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், வேலையில் இருக்கும்போது உடல் ஊனம் அடைந்தால் அவரை நீக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சர்க்கரையால் கண்ணோ காலோ போன பிறகு அவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அது போகாமல் காப்பாற்றிக்கொள்ள, வியாதியை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்கிறவருக்கு அப்படி ஒரு திட்டமான பாதுகாப்பு இல்லை!

மற்ற நாடுகளிலும் முதலில் பயமுறுத்தித்தான் பார்த்தார்கள். இங்கிலாந்தில் இன்சுலின் ஊசி போடுகிறவர் பஸ்ஸோ பெரிய லாரியோ ஓட்டத் தடை இருந்தது. 2011-ல் அதை மாற்றினார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறவருக்கு அனுமதி கொடுக்கலாம் என்றார்கள். அமெரிக்காவும் 2018-ல் ஏறக்குறைய அதே வழிக்கு வந்தது. தடை இருந்தால் ஆள் மறைப்பான். வழி இருந்தால் சொல்வான். நம் போக்குவரத்துக் கழகங்களும் லாரி முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேச வேண்டிய விஷயம் இது. 'சோதனையில் சர்க்கரை தெரிந்தால் வேலை போகாது. மூன்று மாதம் மருந்து, மறுசோதனை, அதுவரை பகல் டூட்டி. பேட்டாவில் குறை விழாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சோதனைக்குக் கூப்பிடட்டும். வரிசையில் வந்து நிற்பார்கள்.

அரை மணி நேரம்

1961-ல் மத்திய அரசாங்கம் மோட்டார் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. தூரப் பயணம் போன்றவற்றுக்கு மட்டும் 10 மணி வரை தளர்த்தலாம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். இரவு தங்கும் இடத்தில் ஓய்வறை வேண்டும். இப்படி எல்லாம் எழுதினார்கள். லண்டன் கணக்கு வெளியாகி எட்டு வருஷத்தில் வந்த சட்டம். அந்த அரை மணி நேரம் டிரைவரின் தொடைக்கும் கணையத்துக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, சரியானதைத்தான் எழுதினார்கள்.

ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கிறவரிடம் வேலை பார்க்கும் டிரைவருக்கு அது எட்டவில்லை. அந்த முதலாளியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவர் தவணை கட்ட வேண்டும். சரக்கு அனுப்புகிறவர் இத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்கிறார். லேட்டானால் வாடகையில் பிடிக்கிறார். ஆக, டிரைவரின் சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் நிர்ணயிப்பவர், டிரைவரை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர்! வாடகைக் கார் ஓட்டும் பையன்களுக்கு அந்த வேலையைச் செல்போனே செய்கிறது.

1961-ம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020-ல் இயற்றப்பட்ட தொழிற்சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அரசாங்கம் குறிப்பிடும் வயதும் வகையும் கொண்ட தொழிலாளர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு முறை முதலாளி இலவசமாக உடல் பரிசோதனை செய்து தர வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. டிரைவர்களைப் பொறுத்தவரை, இந்த ஒரு விதியை ஒழுங்காக நடத்தினாலே பாதிக் காரியம் ஆகிவிடும். இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி செய்திருக்கிறார்கள். வேர்வையும் அலுப்பும் குறையும். உட்கார்ந்திருக்கும் நேரம் குறையாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தையல் டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். தொப்புளுக்கு நேராக, மூச்சை வெளியே விட்ட நிலையில். 90 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் சோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். அளவு வராவிட்டாலும், 30 வயது தாண்டிய டிரைவர் ஆண்டுக்கு ஒரு தடவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. லாரி வீடு வந்து நிற்கும் நாளிலேயே போய்விடுங்கள். மறுநாள் என்றால் லோடு வந்துவிடும்.

பையில் மாத்திரை வைக்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றல்ல. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம் மிகக் குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் அப்படி இல்லை. அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே விழும். கை நடுங்கும். வேர்த்துக்கொட்டும். பசி குடையும். புத்தி தடுமாறும். ஓடும் வண்டியில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காத வேலை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொன்னால், அதற்குத் தகுந்த மாத்திரையாகப் பார்த்து எழுதுவார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

நடுக்கம் வந்தால் உடனே வண்டியை ஓரங்கட்ட வேண்டும். மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, குறையாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். உடம்பு சரியானவுடன் ஸ்டீரிங்கைப் பிடித்துவிடக் கூடாது. மூளை தெளிய இன்னும் நேரம் ஆகும். சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் விதி வைத்திருக்கிறார்கள்.

அந்த 45 நிமிஷத்தால் லோடு லேட்டானால் வாடகையில் பிடிப்பார்களா, மாட்டார்களா? வண்டி கிளம்புவதற்கு முன்னால் முதலாளியிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது. ஐதராபாத் தாண்டி, நடுச்சாலையில், கை நடுங்கும்போது பேசுகிற விஷயம் அல்ல.